பிப்ரவரி முடியும்வரை வெட்ட வேண்டாம்

2020 மார்ச் கடைசியில் ஊரடங்குக்காகப் பூட்டிய எங்கள் பூங்காவை அந்த ஆண்டு செப்டம்பரில்தான் திறந்தார்கள். கோவையில் வடவள்ளிப் பக்கம், மனைப் பிரிவு போட்டபோது பொதுவுக்கென ஒதுக்கிய நிலம் அது. இந்த ஊரில் ரிசர்வ் சைட் என்போம். 40 சென்ட் இருக்கும். எட்டு வடிவ நடைபாதை, இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, கொரியன் புல்தரை, துரந்தா வேலி, மூலைக்கு மூலை இட்லிப்பூ. எந்தக் காலனிப் பூங்காவுக்குப் போனாலும் பார்க்கிற அதே அமைப்புதான்.

ஐந்து மாதமாகத் தண்ணீர் விட ஆள் இல்லை. எல்லாம் பாழாகிக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். கொரியன் புல் காய்ந்து பழைய சாக்கு மாதிரிதான் கிடந்தது. ஆனால் அதைக் கிழித்துக்கொண்டு தும்பை முழங்கால் உயரத்துக்கு எழுந்து, கணுவுக்குக் கணு வெள்ளையாகப் பூத்திருந்தது. நடைபாதை ஓரத்துச் சரளையில் விஷ்ணுகிராந்தி, சட்டைப் பொத்தானைவிடச் சின்ன நீலப் பூக்கள். சுற்றுச்சுவரை ஒட்டித் துத்தி. மோட்டார் ரூம் பின்னால் ஒரே ஒரு கிலுகிலுப்பை, மஞ்சள் பூக்கதிரோடு. யாரும் விதைக்கவில்லை, யாரும் நடவில்லை. தும்பையை நான் கடைசியாகப் பார்த்தது பல்லடம் பக்கம் என் அம்மாயி ஊரில், பள்ளிக்கூட லீவு நாட்களில். பூவைப் பிடுங்கி அடிப்பக்கத்தை உறிஞ்சினால் நுனிநாக்கில் ஒரு துளி தேன் வரும். அன்றைக்கு நின்ற இடத்திலேயே ஒரு பூவைப் பறித்து உறிஞ்சிப் பார்த்தேன். அதே இனிப்பு.

பத்து நாள் தினமும் போனேன். பதினோராம் நாள் காலை புல் வெட்டும் மெஷினோடு ஆட்கள் வந்து இரண்டு மணி நேரத்தில் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, வெட்டச் சொன்னதை வெட்டினார்கள். நடக்க வந்தவர்கள் எல்லாரும் "இப்பத்தான் பார்க் மாதிரி இருக்குது" என்றார்கள். மாலையில் வெட்டுப்பட்ட ஒரு தும்பையை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். பூ நிறைய இருந்தது. விதை எல்லாம் பச்சையாக, முற்றாமல் இருந்தது.

தானாக முளைக்கும் நாட்டுச் செடிகளைப் பூங்காவின் ஒரு பகுதியில் பூக்க விடும் வேலை அன்று தொடங்கியது. நாற்று, உரம், தண்ணீர் என்று என்னென்னவோ செய்து பார்த்தோம். எங்கள் பூங்காவில் பூ வருமா வராதா என்பதைக் கடைசியில் முடிவு செய்தது வெட்டுகிற தேதிதான். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோவைக்கு இரண்டு மழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் ஒன்று. அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்குப் பருவமழை இன்னொன்று, அதுதான் பெரிய மழை. தும்பை மாதிரிச் செடிகளுக்கு ஆயுள் ஒரு பருவம்தான். மழைக்கு முளைத்து, பூத்து, விதையை மண்ணில் போட்டுவிட்டுக் காய்ந்துவிடும். பெரிய மழையில் முளைத்தவற்றின் விதை டிசம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரிக்குள் முற்றும். இப்போது பூங்காக்களில் எப்போது வெட்டுகிறார்கள் என்று பாருங்கள். சுதந்திர தினத்துக்கு முன்னால் ஒரு வெட்டு. ஐப்பசி மழையில் புல் எழும்பியதும் ஒரு வெட்டு. குடியரசு தினத்துக்கு முன்னால் ஒரு வெட்டு. மூன்றுமே பூவுக்கும் விதைக்கும் நடுவில் வந்து விழுகின்றன. இப்படிச் சில ஆண்டு போனால் மண்ணில் இருக்கும் விதை இருப்பு தீர்ந்துவிடும்.

அந்தக் காலி இடத்தில் பார்த்தீனியம் வந்து உட்காரும். முளைத்து ஐந்தாறு வாரத்துக்குள்ளேயே அது பூத்துவிடும். வெட்டினாலும் அடியிலிருந்து தழைத்து, விரல் உயரத்திலேயே மறுபடி பூக்கும். ஒரு செடி பல்லாயிரம் விதை போடும். இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. 1950களின் நடுவில் புனே பக்கம் முதலில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடு முழுவதும் பரவியது. அடிக்கடி மெஷின் ஓட்டும் இடத்தில் தும்பை தோற்கும், பார்த்தீனியம் ஜெயிக்கும். சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று நினைத்து, நாமே அதற்கு இடம் பிடித்துக் கொடுக்கிறோம்.

2021 தொடக்கத்தில் பூங்காவுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினோம். பூங்கா முழுவதையும் கேட்கவில்லை. பின்பக்கம், ஊஞ்சலிலிருந்து தள்ளி, 3 சென்ட் மட்டும். வரைபடம் ஒன்று, எந்த மாதம் எதை வெட்டுவோம் என்று ஓர் அட்டவணை, பதினெட்டு வீட்டுக்காரர்களின் கையெழுத்து. அதிகாரி இரண்டு கேள்விதான் கேட்டார். "தண்ணி யார் ஊத்துவீங்க? யாராவது புகார் கொடுத்தா யார் பதில் சொல்லுவீங்க?" தண்ணீர் தேவைப்படாது, பதில் நான் சொல்கிறேன் என்றேன். அனுமதி கிடைத்தது. பொது நிலத்தில் எதையும் எழுத்தில் வாங்காமல் தொடங்காதீர்கள். பின்னால் புகார் வரும்போது அந்தத் தாள்தான் பேசும்.

முதல் ஆண்டில் செய்த தப்புகளை விவரமாகச் சொல்ல வேண்டும். மூன்று மாத உழைப்பு அதில் போனது.

மண் கெட்டியாக, கப்பிக் கல்லாக இருக்கிறதே என்று ஒரு லோடு செம்மண் அடித்தோம். மேலே மாட்டு எரு. ஜூன் சாரலில் பச்சைப் பசேலென்று முளைத்தது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. மூன்றாவது வாரம்தான் தெரிந்தது, முளைத்ததில் பாதி பார்த்தீனியம், மீதி கோரை. விதை மண்ணோடேயே லாரியில் வந்திருக்கிறது. எருவைத் தின்று எல்லாவற்றையும்விட வேகமாகக் கோரை வளர்ந்தது. தும்பை, விஷ்ணுகிராந்தி, சிறுபூளை எல்லாம் மெலிந்த மண்ணில் வாழப் பழகியவை. மண்ணைக் கொழுக்க வைத்தால் அவற்றை அமுக்கிவிடும் செடிகளுக்குத்தான் லாபம். அதன்பிறகு அந்த 3 சென்டுக்குள் ஒரு கூடை எருகூடப் போகவில்லை. வெட்டிய தழையையும் அங்கேயே மக்க விடாமல் வெளியே எடுத்துவிடுகிறோம்.

இன்னொரு தப்பு, செடியைப் பிடுங்கி வந்தது. மருதமலைக்குப் போகிற வழியில் சாலையோரம் நின்ற ஆவாரங்கன்றுகள் பன்னிரண்டைத் தோண்டி எடுத்து வந்து நட்டோம். ஆவாரையின் ஆணிவேர் கன்று உயரத்தைவிட ஆழமாகப் போகும். பாதியில் அறுந்த வேரோடு வந்த பன்னிரண்டில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அவை இருந்த இடத்திலேயே பூத்திருக்கும், நாங்கள்தான் கெடுத்தோம் என்பது இப்போதும் மனதில் இருக்கிறது. மலையடிவாரத்தில் எது வனத்துறை நிலம் என்று நமக்குத் தெரியாது. அங்கே செடியைத் தொடுவது சட்டப்படியும் தப்பாக முடியலாம். காலி மனைகளில் முற்றிய விதையை, அதுவும் பாதிக்கு மேல் எடுக்காமல் சேகரிப்பதுதான் சரி.

ஆவாரை விதைக்கு ஓடு கெட்டி. அப்படியே போட்டால் பல மாதம் முளைக்காமல் கிடக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, அதில் விதையைப் போட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் உப்பியதை விதைக்கலாம். உப்பாதவற்றை உப்புத்தாளில் ஓரமாக இரண்டு தேய் தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள். நடும் இடத்திலேயே குழிக்கு மூன்று விதை. நாற்றுப் பையில் வளர்த்தால் ஆணிவேர் பைக்குள் சுருண்டுவிடும்.

தும்பைக்கு இது எதுவும் வேண்டாம். காய்ந்த கணுக்களை உள்ளங்கையில் கசக்கினால் கறுப்பாக விதை உதிரும். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு உலர்ந்த மணல் கலந்து, களைக்கொத்தால் மேல்மண்ணை லேசாகக் கீறி, செப்டம்பர் கடைசியில் தூவிவிட வேண்டும். மூட வேண்டாம். சீக்கிரமே தூவினால் மழை வருவதற்குள் எறும்பு இழுத்துப்போய்விடுகிறது. சாம்பலில் புரட்டித் தூவியதில் ஓரளவு தப்பியது.

இதில் பலவற்றை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பூங்காவைப் பெருக்க வரும் ஓர் அக்கா. அன்னூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்து வளர்ந்தவர். 2021 நவம்பரில் நான் கையுறை போட்டுக்கொண்டு களை எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "ஏனுங்க அம்மிணி, பூளாப்பூவப் போயிப் புடுங்கறீங்க?" என்றார். என் கையில் இருந்தது சிறுபூளை. பூக்காத இளஞ்செடி, எனக்கு அடையாளம் தெரியவில்லை. பொங்கலுக்கு வாசலில் செருகிக் காப்புக் கட்டுகிற அந்தப் பூவை வருஷா வருஷம் கடையில் கட்டாகத்தான் வாங்கியிருக்கிறேன். செடியாகப் பார்த்தது அன்றுதான். பூவை வைத்துச் செடியைக் கண்டுபிடிக்க எல்லாருக்கும் தெரியும். இரண்டு இலையில் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் ஒருவர் உங்கள் பூங்காவிலும் விளக்குமாறோடு நடந்துகொண்டிருக்கக்கூடும். அவரைக் கேளுங்கள்.

அவர் வந்தபிறகு மெஷினை நிறுத்தினோம். மெஷினுக்குப் பூளையும் தெரியாது, பார்த்தீனியமும் தெரியாது. கருக்கரிவாளால் பார்த்துப் பார்த்து வெட்டினால்தான் வேண்டியது நிற்கும். மெஷினில் அரை மணி நேர வேலை அரிவாளில் ஒரு முழு நாள் எடுக்கும். அந்தக் கூலியை யார் கொடுப்பது என்பதையும் பேசித்தான் ஆக வேண்டும். ஆர்வம் நம்முடையது, உழைப்பு அவருடையது என்று விட்டுவிடக் கூடாது. எங்கள் குடியிருப்போர் சங்கம் ஆண்டுக்கு எட்டு நாள் கூலியைத் தனியாக ஒதுக்கியது. இந்தத் தோட்டத்துக்கு நாங்கள் செய்யும் பெரிய செலவு அதுதான்.

பார்த்தீனியத்தை மழை பெய்த மறுநாள், மண் ஈரமாக இருக்கும்போது, பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்க வேண்டும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம், சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சுத் திணறலும் வரும். பூத்த செடியைப் பிடுங்க நேர்ந்தால் அப்படியே சாக்கில் போட்டுக் கட்டிவிடுங்கள், குவித்து வைக்காதீர்கள். முதல் ஆண்டில் பதினாறு சாக்கு எடுத்தோம். நான்காம் ஆண்டில் இரண்டு. தும்பையும் கொழிஞ்சியும் நெருங்கி நிற்கும் இடத்தில் அது முளைப்பதே குறைந்துவிட்டது.

எது நாட்டுச் செடி, எது வந்த செடி என்பதில் எங்களுக்குள் வாக்குவாதமே நடந்திருக்கிறது. தாத்தாப்பூ என்று குழந்தைகள் தலை கிள்ளி விளையாடும் வெட்டுக்காயப் பூண்டு மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. தண்ணீரில் போட்டால் வெடிக்கும் பட்டாசுக்காயும் அந்தப் பக்கத்துச் செடிதான். நம் சிறுவயது நினைவில் இருப்பதெல்லாம் நம் மண்ணுக்குரியது ஆகிவிடாது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. இப்போதைக்கு எங்கள் வழக்கம் இது. உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் கண்டால் எடுக்கிறோம். தாத்தாப்பூவைப் பாத்திக்குள் எடுத்துவிட்டு, வெளியே புல்தரையில் விட்டுவிடுகிறோம். சின்னச் சின்னத் தேனீக்கள் கோடையிலும் அதில் வந்து உட்காருகின்றன. வேறு பூ இல்லாத மாதத்தில் அதையும் பிடுங்க மனம் வரவில்லை.

ஆவாரை இரண்டாம் ஆண்டில் இடுப்பு உயரம் வந்து, தங்கமாகப் பூத்தது. அந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப் பையின் நுனியில் இருக்கும் சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். கரிய பெரிய வண்டு மாதிரி இருக்கும் தச்சுத் தேனீ பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிரவைக்கும். பக்கத்தில் நின்றால் அந்த ரீங்காரம் திடீரென்று உயர்வது காதில் கேட்கும். காலை நடைக்கு வரும் ஒரு பெரியவர், கண் பார்வை மங்கியவர், அந்தச் சத்தம் கேட்பதற்காகவே இப்போது அங்கே நின்றுவிட்டுப் போகிறார்.

அதே ஆவாரையில் 2022 ஆகஸ்டில் இலையெல்லாம் புழு. மூன்று செடி மொட்டையாகிவிட்டது. "மருந்தடிங்க" என்று நான்கு பேர் சொன்னார்கள். ஒருவர் வேப்பெண்ணெய்க் கரைசலைக் கலந்தே எடுத்து வந்துவிட்டார். நான் அவரை ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். அவை வெளிர் வெள்ளையும் மஞ்சளுமாகக் கூட்டமாகப் பறக்கும் பட்டாம்பூச்சியின் புழுக்கள், ஆவாரை, கொன்றை வகைச் செடிகளின் இலைதான் அவற்றுக்குச் சோறு. வேப்பெண்ணெயும் அவற்றைக் கொல்லும். புழு கூட்டுக்குள் போனபிறகு செடி மறுபடி துளிர்த்தது, அடுத்த மாதம் பூவும் வந்தது. வேப்பெண்ணெய் கொண்டுவந்தவரின் பேத்திதான் இலைக்கு அடியில் பச்சைக் கூட்டைக் கண்டுபிடித்து எல்லாருக்கும் காட்டினாள்.

காய்ந்த செடியையும் அவசரப்பட்டு எடுக்கக் கூடாது என்று எனக்குக் கற்றுத் தந்தது கிலுகிலுப்பை. ஓர் அக்டோபரில், செத்துப்போன கிலுகிலுப்பை ஒன்றைப் பிடுங்கப் போனேன். கறுப்பில் வெளிர்நீலக் கோடுகளோடு நீல வரியன் பட்டாம்பூச்சிகள் அதில் கொத்தாக மொய்த்துக்கொண்டிருந்தன. நாற்பதுக்கு மேல் எண்ணினேன். பூ ஒன்றுகூட இல்லாத காய்ந்த குச்சியில் அவற்றுக்கு என்ன வேலை என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் செடியின் சாற்றில் இருக்கும் ஒருவித ரசாயனத்தை ஆண் பூச்சிகள் உறிஞ்சி எடுத்து, பெண்ணை ஈர்க்கும் வாசனையைத் தயாரிக்கின்றன. செடி வாடிக் காய்ந்தால்தான் அது எளிதாகக் கிடைக்கிறது. வரியன்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கே சமவெளிக்கும் இடையே பருவத்துக்குப் பருவம் இடம் பெயர்பவை. போகிற வழியில் எங்கள் 3 சென்டில் இறங்கியிருக்கின்றன. இப்போது தேள்கொடுக்குச் செடியையும் அங்கே வளர்க்கிறோம். அதற்கும் இதே ஈர்ப்பு உண்டு.

எந்த நேரத்தில் போகிறோம் என்பதும் முக்கியம். விஷ்ணுகிராந்தி காலையில் விரிந்து உச்சிவேளைக்குள் மூடிக்கொள்ளும். துத்தி மாலை மூன்று மணிக்கு மேல்தான் மஞ்சளாக விரியும். காலையில் நடப்பவர்களும் மாலையில் நடப்பவர்களும் ஒரே இடத்தில் இரண்டு வேறு தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அங்கே மஞ்சள் பூ ஏது?" என்று ஒருவர் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. தகரத்தில் பெயரோடு பூக்கும் நேரத்தையும் எழுதி வைத்தோம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இப்போது துத்திக்கு முன்னால் உட்கார்ந்து அது விரிவதைப் பார்க்கிறார்கள்.

நெருஞ்சியை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. சூரியன் போகிற பக்கம் திரும்பும் அந்த மஞ்சள் பூவைப் பழம்புலவர்கள் அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் எட்டு வடிவப் பாதையில் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பலர், காலில் முள் குத்தினால் அவர்களுக்குத் தெரியாமலேகூடப் போகலாம். பாதையிலிருந்து பத்தடிக்குள் நெருஞ்சி முளைத்தால் காய்க்கும் முன் எடுத்துவிடுகிறோம். சுவரோரம் இரண்டு மூன்று மட்டும் நிற்கின்றன.

காந்தள் கதை நீளமானது. தமிழ்நாட்டின் மாநிலப் பூ எங்கள் பூங்காவில் வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். எங்கள் பக்கம் அதைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் விதைக்காக வயலிலேயே பயிர் செய்கிறார்கள், மருந்துக்கு வாங்கிப் போவார்கள். ஒரு விவசாயியிடம் நான்கு கிழங்கு வாங்கி 2022 ஜூனில் நட்டோம். இலை நுனியே சுருள் கம்பியாக நீண்டு வேலியைப் பற்றி ஏறியது. செப்டம்பரில் முதல் மொட்டு. பச்சையாகத் தலைகுனிந்திருந்த மொட்டு விரிந்து, இதழ்கள் மேல்நோக்கி வளைந்து, மஞ்சளாகி, நாள் ஆக ஆகச் சிவந்து தீ மாதிரி நின்றது. போட்டோ எடுக்காத ஆள் இல்லை. ஜனவரியில் கொடி முழுக்கக் காய்ந்து சுவடே இல்லாமல் போனது. கிழங்கு மண்ணுக்குள் உறங்கும் காலம் அது. ஏப்ரலில் சிமென்ட் பெஞ்ச் போட வந்தவர்கள் அதே இடத்தில் குழி தோண்டினார்கள். மூன்று கிழங்கு துண்டாகிவிட்டது. அங்கே ஒரு கல் நட்டு வைத்திருந்தால் தப்பியிருக்கும். கோடையில் உறங்கும் செடி எதை நட்டாலும், நட்ட அன்றே அடையாளக் கல் பதித்துவிடுங்கள்.

மிஞ்சிய கிழங்கு அடுத்த ஆண்டு பூத்தபோது ஒரு தாய் என்னிடம் வந்து, "இது விஷம்னு சொல்றாங்களே, குழந்தைங்க வர்ற இடமாச்சே" என்றார். அவர் சொன்னது சரி. செடி முழுவதிலும் கோல்சிசின் என்ற நச்சு உண்டு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆசையில் நான் அதைப் போதுமான அளவு யோசிக்கவில்லை. அந்த ஆண்டே காயை எல்லாம் பறித்தெடுத்தோம். கொடி காய்ந்ததும் கிழங்கை எடுத்து, மோட்டார் ரூமைச் சுற்றியுள்ள கம்பி வலைக்குள், பூட்டுப் போட்ட பக்கம் நட்டோம். பூவை வெளியிலிருந்து பார்க்கலாம், கை எட்டாது. எருக்கும் அதே வலைக்குள்தான், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஊமத்தை, குன்றிமணி இரண்டையும் பூங்காவில் வைப்பதில்லை என்று முடிவே செய்துவிட்டோம். குழந்தைகள் ஓடுகிற இடத்தில் நாட்டுச் செடி என்ற ஒரு காரணம் மட்டும் போதாது.

புகார்கள் வராமல் இல்லை. பாம்பு வரும், கொசு வரும் என்றார்கள். பயம் நியாயமானது, அதைத் தள்ளிவிட முடியாது. எலியும் ஒளிய இடமும் இருந்தால் பாம்பு வரும். எனவே மூலையில் கிடந்த உடைந்த ஓடு, செங்கல் குவியலை அகற்றினோம், சாப்பாட்டுக் குப்பை போடும் தொட்டியை வாசலுக்கு மாற்றினோம். கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். பாத்திக்குள் தேடியதில் இளநீர்க் கூடு ஏழு, பிளாஸ்டிக் கப் இருபதுக்கு மேல் கிடைத்தன. வாராவாரம் அவற்றைப் பொறுக்குவது என் வேலை. இவை எல்லாவற்றையும்விட உதவியது ஒரு சின்ன ஏற்பாடு. பாதையை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மட்டும் மாதம் ஒருமுறை ஒட்ட வெட்டி நேர்க்கோடாக வைத்தோம். உள்ளே செடி எவ்வளவு உயரம் போனாலும், ஓரம் ஒழுங்காக இருந்தால் இது யாரோ பார்த்துக்கொள்ளும் இடம் என்று தெரிந்துவிடுகிறது. புகார் பாதியாகக் குறைந்தது அதற்குப் பிறகுதான்.

2023 பொங்கலை மறக்க முடியாது. டிசம்பரில் சிறுபூளை பாத்தி முழுக்க வெள்ளைக் கதிர் விட்டு, காலை வெயிலில் பஞ்சு விரித்த மாதிரி இருந்தது. போகிக்கு முந்தின நாள் மாலை வரை இருந்தது. மறுநாள் காலை போனால் மண் மட்டும்தான். காப்புக் கட்ட எல்லாரும் வேரோடு பிடுங்கிப் போய்விட்டார்கள். கடையில் கட்டு 20 ரூபாய், இங்கே இலவசம். எனக்கு அழுகையே வந்தது. அன்னூர் அக்காதான், "பூளாப்பூ காப்புக்குத்தானுங்க அம்மிணி. கட்டாம என்ன பண்ணுவாங்க? வேரோட புடுங்காம கிள்ளச் சொல்லோணும்" என்றார். அவர் சொன்னபிறகு யோசித்தேன். இந்தப் பூவை இத்தனை நூற்றாண்டு உயிரோடு வைத்திருப்பதே அந்த வழக்கம்தான். வாசலில் ஆவாரையும் பூளையும் வேப்பிலையும் செருகும் வழக்கம் போய்விட்டால் பூளையின் பெயரே நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும். காதல் கைகூடாமல் பனைமடல் குதிரையில் ஏறி ஊரறிய வரும், அதாவது மடலேறுகிற, தலைவன் சூடிய பூக்களாகப் பழைய பாட்டுகள் சொல்லும் எருக்கு, ஆவிரை, பூளை மூன்றும் இந்தப் பாத்தியில் நிற்கின்றன. பறிக்காதே என்று பலகை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த ஆண்டு போகி காலையில் நானும் இன்னும் நான்கு பேரும் கத்தரிக்கோலோடு நின்றோம். வந்தவர்களுக்கு அடியில் நான்கு விரற்கடை விட்டு நாங்களே வெட்டிக் கொடுத்தோம், வீட்டுக்கு ஒரு பிடி. மூன்றில் ஒரு பங்கைக் கயிறு கட்டி விதைக்கு விட்டோம். அறுபதுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போயிருக்கும். வெட்டிய செடிகள் பெரும்பாலும் மறுபடி தழைத்தன. காணும் பொங்கலன்று பக்கத்துத் தெருப் பெண்கள் சிறுமிகளைக் கூட்டிக்கொண்டு பூப்பறிக்கிற நோம்பிக்கு எங்கள் ஆவாரையைத் தேடி வந்தார்கள். முன்பெல்லாம் ஊருக்கு வெளியே காட்டுக்குப் போய்ப் பறிப்பார்கள். இப்போது அந்தக் காடெல்லாம் மனை ஆகிவிட்டது. கூடையில் கொஞ்சம் பூ பறித்துக்கொண்டு, சறுக்குக்குப் பக்கத்தில் வட்டமாக நின்று கும்மி அடித்தார்கள்.

இப்போது ஆண்டு வேலை ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது. செப்டம்பர் கடைசியில் விதை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பார்த்தீனியம். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டுக்கும் முன்னால் ஓரம் மட்டும் வெட்டு. மார்ச் முதல் வாரம் பாத்தியில் பாதியை அரிவாளால் நான்கு விரல் உயரத்துக்கு வெட்டி, மூன்று நான்கு நாள் அங்கேயே போட்டு வைத்து, விதை உதிர்ந்தபின் தழையை எடுக்கிறோம். மறுபாதி ஏப்ரலில், அதற்குள் கூட்டில் இருக்கும் பூச்சிகள் பறந்துவிடும். ஆவாரையைக் காய் முற்றியபின் கவாத்து செய்தால் நன்றாகத் துளிர்க்கிறது. 3 சென்ட் இப்போது 9 சென்ட் ஆகியிருக்கிறது.

விதையைப் பிளாஸ்டிக் பையில் வைக்காதீர்கள், வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். எங்கள் வீட்டில் சேர்ந்த கல்யாணப் பத்திரிகைக் கவர்கள் அளவாக இருக்கின்றன. போன வாரம் சரவணம்பட்டிப் பக்கத்துக் காலனியிலிருந்து இருவர் வந்து கேட்டார்கள். தும்பை ஆறு கவர், ஆவாரை நான்கு, சிறுபூளை இரண்டு கொடுத்தேன். ஒவ்வொன்றின் மேலும் செடியின் பெயர், எடுத்த மாதம், தூவ வேண்டிய மாதம், அதற்குக் கீழே வெட்டக் கூடாத மாதங்கள். கிலுகிலுப்பையும் கேட்டார்கள். அதன் காய் முற்றிவிட்டால் ஆட்டும்போது உள்ளே விதை கிலுகிலுக்கும். நேற்று ஆட்டிப் பார்த்தேன், இன்னும் சத்தம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி பார்க்க வேண்டும்.